வரமாட்டேன் என்றாவது சொல்லுங்கள்

தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்கு எல்லா வேட்பாளர்களும் வருகிறார்கள். திறந்த வண்டியில் கும்பிட்டபடி வருகிறார்கள். ஆரத்தித் தட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள், கைக்குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள், டீக்கடைக்குள் புகுந்து டீ ஆற்றுகிறார்கள். ஒரு நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, போட்டி வேட்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொகுதிக்காரர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கு மட்டும் அவர்களில் ஒருவருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

அவர்கள் மறுத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இருக்காது. மறுப்பது ஒரு பதில். ‘இந்த வேட்பாளர் உங்கள் கேள்விகளைச் சந்திக்க விரும்பவில்லை’ என்று ஊருக்குச் சொல்லிவிடலாம், ஊர் முடிவு செய்துகொள்ளும். ஆனால் ஒருவரும் மறுப்பதில்லை. எல்லோரும் சந்தோஷமாகச் சம்மதிக்கிறார்கள். பிறகு தள்ளிப்போடுகிறார்கள். தள்ளித் தள்ளிப்போட்டே பிரசாரத்தின் கடைசி நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வேட்பு மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. பிரசாரம் ஏப்ரல் 17 மாலையோடு ஓய்ந்தது. நடுவில் 18 நாள். சென்னையின் தென்புறநகரில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்று இருக்கிறது. அந்த 18 நாளுக்குள் வேட்பாளர்கள் எல்லோரையும் ஒரே மேடையில் உட்கார வைக்க ஆசைப்பட்டோம். பள்ளிக்கூட அரங்கு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் நெறியாளர், எல்லோருக்கும் ஒரே அளவு நேரம், கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது என்று ஏற்பாடு. யாரையும் மடக்குவது எங்கள் நோக்கமில்லை என்பதை அழைப்பிதழிலேயே எழுதியிருந்தோம்.

ஒரு தேர்தல் பணிமனையில், “தலைவர் பிரசாரத்துக்கு வர்றார் சார், அது முடியட்டும், தேதி சொல்றோம்” என்றார்கள். இன்னொன்றில், “அந்தப் பக்கம் உறுதி சொல்லிட்டாங்களா? அவங்க வந்தா அண்ணன் கட்டாயம் வருவார்” என்றார்கள். அந்தப் பக்கம் போய்க் கேட்டால், இந்தப் பக்கம் உறுதி சொல்லட்டும் என்றார்கள். இருவருக்கும் நடுவே எங்கள் செயலாளர் அலைந்து அலைந்து ஓய்ந்துபோனார். மூன்றாவது பணிமனையில் இன்னும் அன்பாக, “நம்ம ஏரியா நிகழ்ச்சி சார், வராம இருப்பாரா?” என்று காபி கொடுத்து அனுப்பினார்கள். சுயேச்சைகள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். ஒரு சிறிய கட்சியின் வேட்பாளரும் வந்தார். வந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஜெயிக்கும் வாய்ப்புள்ளவர்கள் என்று ஊரே பேசிக்கொண்ட யாரும் வரவில்லை.

நாங்கள் எழுதி வைத்திருந்த கேள்விகளில் எதுவும் பெரிய தத்துவம் இல்லை. ரயில்வே கேட்டில் சுரங்கப்பாதை எப்போது முடியும்? மக்களவை உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் எங்கள் பகுதிக்கு எந்த வேலைக்கு முன்னுரிமை கொடுப்பீர்கள்? முக்கியமான கேள்வி வெள்ளத்தைப் பற்றியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் பலருடைய தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. அதன் பிறகு நிவாரண நிதியைப் பற்றி மத்திய, மாநில அரசுகளுக்கு இடையே சண்டை. ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் பிரசாரமும் உச்சத்தில் இருந்தது. காலையில் ஒரு வண்டி வந்து, ஒன்றிய அரசு கேட்டதைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகும். சாயங்காலம் இன்னொரு வண்டி வந்து, கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போகும். இரண்டும் அதே முச்சந்தியில்தான், ஆனால் ஒருபோதும் ஒரே நேரத்தில் இல்லை. பேரிடர் நிதியில் ஆண்டுதோறும் வழக்கமாக வரும் பங்கு எது, இந்தப் புயலுக்கென்று தனியாகக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் குழப்பம் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். ஒருவர் ஒரு தொகையைச் சொன்னால் மற்றவர் அது எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டிருப்பார். தனித்தனி வண்டியில் ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிற வரைக்கும் இருவர் சொல்வதும் அவரவர் கட்சிக்காரருக்கு உண்மை. நனைந்த மெத்தையையும் கெட்டுப்போன ஃபிரிட்ஜையும் தெருவில் தூக்கிப் போட்டவர்களுக்கு எது உண்மை என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை.

நேரமில்லை என்று சொல்வதை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சராசரியாகப் பதினைந்து லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். ஏப்ரல் வெயிலில் அதைச் சுற்றி வருவது சாதாரண வேலை இல்லை. ஆனால் அந்தச் சுற்றில் ஒரு தெருவுக்குக் கிடைப்பது ஒரு கும்பிடும் இரண்டு வாக்கியமும். ஒரு மாலை உட்கார்ந்து பதில் சொன்னால், உள்ளூர் கேபிளிலும் கைபேசியிலும் தொகுதி முழுக்க அதைப் பார்க்கும். அது எப்படி நேர விரயமாகும்?

இன்னொன்றும் சொல்கிறார்கள். நன்றாகப் பேசுகிறவர் நன்றாக வேலை செய்வார் என்று என்ன நிச்சயம், விவாதம் வாய்ச்சொல் வீரர்களுக்குத்தானே லாபம் என்று. நியாயமான கவலைதான். காமராஜர் அலங்காரமாகப் பேசியவர் இல்லை. ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல அலங்காரம் எதற்கு? முடியும், முடியாது, இன்ன காரணத்தால் தாமதமாகும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதைச் சொல்லவும் தயங்குகிறவர் டெல்லியில் போய் அமைச்சரிடம் நமக்காக எப்படிக் கேட்பார்?

‘கட்சி என்ன முடிவு எடுக்கிறதோ அதுதான் என் முடிவு’ என்பது அடுத்த சமாதானம். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும், உண்மைதான். அப்படியென்றால் கட்சியின் முடிவையாவது எங்கள் முன்னால் வந்து சொல்லலாமே. கட்சிக்காகப் பேச ஆள் இல்லாமலும் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் செய்தித் தொடர்பாளர்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பெயர் வாக்கு இயந்திரத்தில் இல்லை. யாருடைய பெயருக்கு எதிரில் நான் பொத்தானை அழுத்தப் போகிறேனோ, அவர் அந்தத் திரையில் இல்லை.

இதெல்லாம் தமிழ்நாட்டில் நடப்பதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. 1943-இல் அண்ணா கம்பராமாயணத்தைப் பற்றி ரா.பி. சேதுப்பிள்ளையோடு சென்னை சட்டக் கல்லூரியிலும், நாவலர் சோமசுந்தர பாரதியாரோடு சேலத்திலும் நேருக்கு நேர் வாதிட்டார். எதிரில் இருந்தவர்கள் பெரும் புலவர்கள். விஷயமோ ஊரைக் கொந்தளிக்க வைக்கிற விஷயம். அப்படியும் இரு தரப்பும் ஒரே மேடைக்கு வந்தார்கள். மேடையில் வளர்ந்த அரசியல் நம்முடையது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பட்டிமன்றம் இல்லாமல் நமக்குப் பண்டிகை முடிவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் முதல்வர் பதவிக்குப் போட்டியிட்ட கருணாநிதியும் ஜெயலலிதாவும் இத்தனை தேர்தலில் ஒரு முறைகூட ஒரே மேடையில் விவாதித்ததில்லை. ‘விவாதத்துக்குத் தயாரா?’ என்று சவால் விடுவது மட்டும் குறையவில்லை. ‘எங்கள் கட்சியின் கடைசித் தொண்டன் போதும் உங்களுக்குப் பதில் சொல்ல’ என்கிற மறுமொழியும் குறையவில்லை. இரண்டுக்கும் கைதட்டல் கிடைக்கிறது. விவாதம் நடப்பதில்லை.

தேசிய அளவிலும் இதே கதை. 2024 மே 9 அன்று முன்னாள் நீதிபதிகள் மதன் லோக்கூர், அஜித் பிரகாஷ் ஷா, மூத்த பத்திரிகையாளர் என்.ராம் மூவரும் நரேந்திர மோடிக்கும் ராகுல் காந்திக்கும் கடிதம் எழுதினார்கள். ஒரு பொது மேடையில் நேருக்கு நேர் விவாதியுங்கள், குறைகளும் கேள்விகளும் பதில்களும் மக்களுக்குத் தெரியட்டும் என்று கேட்டார்கள். ஷா சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். தானோ மல்லிகார்ஜுன கார்கேயோ வரத் தயார் என்று ராகுல் பதில் எழுதினார். பிரதமர் சம்மதிக்கவில்லை. ராகுல் பிரதமர் வேட்பாளரா என்று பாஜக தரப்பில் கேட்டார்கள். அந்தக் கட்சியின் இளைஞர் அணி, தன் துணைத் தலைவரான அபினவ் பிரகாஷை விவாதத்துக்கு அனுப்புவதாக அறிவித்தது. அவ்வளவோடு முடிந்தது. கடிதம் எழுதப்பட்டபோதே தமிழ்நாடு ஓட்டுப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த விவாதம் நடந்திருந்தால் நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

இதை ஒரு கட்சியின் குணமாக மட்டும் நான் பார்க்கவில்லை. 2009-இல் அத்வானி தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைத்தார். பிரதமராக இருந்த மன்மோகன் சிங் வரவில்லை. 2015 டெல்லித் தேர்தலில் கேஜ்ரிவால் அழைத்தார். கிரண் பேடி சட்டமன்றத்தில் விவாதிக்கலாம் என்றார். விவாதத்துக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே 1960-இல் கென்னடியும் நிக்சனும் விவாதித்த பிறகு, 1976 வரைக்கும் அதிபர் வேட்பாளர்கள் மேடையேறவில்லை. பக்கத்தில் இலங்கையில் 2024 அதிபர் தேர்தலுக்கு முன் அநுர குமார திசாநாயக்க, சஜித் பிரேமதாச இரு தரப்பும் விவாதத்துக்குத் தயார் என்றே சொன்னார்கள். எந்தத் தேதி, தலைவர்கள் விவாதம் முதலிலா, பொருளாதாரக் குழுக்களின் விவாதம் முதலிலா என்ற இழுபறியிலேயே அது நடக்காமல் போயிற்று. இருவரும் சம்மதித்து, நடக்காமலே போகிற இந்த வகைதான் எங்கள் தெருவுக்கும் நேர்ந்தது.

முந்தி நிற்பவருக்கு மேடையேறினால் இழக்கத்தான் இருக்கிறது, அதனால் அவர் தானாக வரமாட்டார். அவருடைய பெருந்தன்மையை நம்பி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. வேட்பாளரின் சொத்து விவரமும் குற்ற வழக்குகளும் இன்று நமக்குத் தெரிகிறதென்றால், எந்தக் கட்சியும் மனமுவந்து கொடுத்ததல்ல அது. 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கட்சிகள் ஒன்றுகூடி எதிர்த்தன. அதை நீர்த்துப்போகச் செய்யக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2003-இல் நீதிமன்றம் செல்லாதென்று சொன்ன பிறகுதான் அந்தப் பிரமாணப் பத்திரம் நிலைத்தது. வேட்பாளரிடம் எத்தனை பவுன் நகை, எந்த வங்கியில் எவ்வளவு கடன் என்று எனக்கு இப்போது தெரியும். சுரங்கப்பாதையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

விவாதத்துக்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் வானொலியிலும் இலவச நேரம் ஒதுக்கும் தேர்தல் ஆணையத்தின் உத்தரவிலேயே, பிரசார் பாரதி அதிகபட்சம் இரண்டு குழு விவாதங்கள் நடத்தலாம், ஒவ்வொரு கட்சியும் ஒரு பிரதிநிதியை அனுப்பலாம் என்று இருக்கிறது. அதைத் தொகுதி அளவுக்குக் கொண்டுவந்தால் என்ன? அனுப்பப்படுகிறவர் பிரதிநிதியாக இல்லாமல் வேட்பாளராகவே இருக்க வேண்டும் என்று வைத்தால் என்ன?

அர்ஜென்டினாவில் 2015 அக்டோபரில் முதன்முதலாக அதிபர் வேட்பாளர்கள் விவாதம் நடந்தது. ஆளும் தரப்பு வேட்பாளர் டேனியல் சியோலி வரவில்லை. அவருக்கான மேசையை அகற்றாமல் காலியாகவே வைத்து விவாதத்தை நடத்தி, நாடு முழுக்க ஒளிபரப்பினார்கள். முதல் சுற்றில் முந்தியவர் இரண்டாம் சுற்றில் தோற்றுப்போனார். இரண்டாம் சுற்று விவாதத்துக்கு வந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே அங்கே சட்டம் போட்டார்கள். அதிபர் வேட்பாளர் விவாதத்துக்கு வந்தே ஆகவேண்டும். வராதவருக்கு இலவச விளம்பர நேரம் கிடையாது. அவர் நிற்கவேண்டிய இடம் காலியாகவே காட்டப்படும்.

நம் ஊரில் சட்டம் வருகிற வரைக்கும் கைகட்டி உட்கார்ந்திருக்க எங்கள் சங்கத்தில் யாருக்கும் மனமில்லை. அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் வெளியான மறுநாளே எல்லாக் கட்சி அலுவலகத்துக்கும் கடிதம் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். தேதியை நாங்கள் குறிக்க மாட்டோம். பிரசார நாட்களில் எந்த மாலை வசதி என்று அவர்களே எழுதட்டும். யார் வருகிறார், யார் வரவில்லை என்பதைப் பார்த்து மற்றவர் முடிவு செய்யக் கூடாது என்பதற்காக எல்லோருடைய பதிலையும் ஒரே நாளில் பிரிப்போம். கடிதத்தின் கீழே இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்றில் ‘வருகிறேன்’, இன்னொன்றில் ‘வரமாட்டேன்’. ‘பார்க்கலாம்’ என்பதற்கு அதில் இடம் வைக்கவில்லை. இரண்டில் ஒன்றில் டிக் போட்டு, வேட்பாளரே கையெழுத்திட்டுத் தரவேண்டும். எந்தக் கட்டத்தில் டிக் இருந்தாலும் அந்தத் தாளை அப்படியே ரேஷன் கடைச் சுவரிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டிவிடுவோம்.