வருமானம் வேற, வர்க்கம் வேற

‘பெற்றோரின் ஆண்டு வருமானம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் எங்களில் கனபேர் பல்கலைக்கழகத்துக்குள்ள வரேல்லை. மஹாபொலவுக்கும் அதுதான், பர்சரிக்கும் அதுதான். கிராம அலுவலர் கையெழுத்து வைச்ச அந்த எண்ணைப் பார்த்து இவர் ஏழை, இவர் நடுத்தர வர்க்கம் என்று கதைக்க நாங்களும் பழகிவிட்டோம். உதவிப்பணம் பிரிக்க ஒரு எண் தேவைதான். அந்த எண்ணுக்கு வர்க்கம் என்று பெயர் வைப்பதைத்தான் மறுக்கிறோம்.

காங்கேசன்துறையைப் பாருங்கோ. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை இந்தப் பக்கத்துச் சனத்துக்கு மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கே இடம்பெயர்ந்தது, தொழிற்சாலையும் நின்றது. தோட்டக்காரர், கடற்தொழிலாளி, கூலியாள், எல்லாருடைய வருமானமும் ஏறக்குறையப் பூச்சியம் (அரச உத்தியோகத்தரை விடுங்கோ). வருமானம்தான் வர்க்கம் என்றால் அன்றைக்கு அங்கே வர்க்கமே ஒழிந்திருக்க வேணும்! ஒழிஞ்சதா? கொழும்பில் உறவு இருந்தவை, ஏஜென்சிக்குக் கட்ட நகையோ காணியோ இருந்தவை வெளிக்கிட்டிட்டினம். ஏலுமானவை வேற ஊரில் காணி வாங்கிச்சினம். ஒன்றும் இல்லாதவை சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணப்புலத்திலும் கால் நூற்றாண்டுக்கு மேல் கிடந்தினம். காணி விடுவிப்பு தொடங்கின பிறகும் சிலர் முகாமை விட்டுப் போகாததற்கு இராணுவம் மட்டும் காரணமில்லை. விடுவிக்க அவைக்கென்று ஒரு துண்டுக் காணியும் இருக்கேல்லை. அதில் சாதிக்கு எவ்வளவு பங்கு என்று யாழ்ப்பாணத்தில் வாய்திறந்து சொல்ல ஆக்கள் குறைவு.

2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, வருமானம் மட்டும் போதாது என்று 22 குறிகாட்டிகளை எடுத்தது. நல்லது. ஆனால் கடைசியில் குடும்பங்களை நாலு படியில் நிறுத்தியது: தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. படியில் ஆர் மேலே, ஆர் கீழே என்று தெரியும். ஆரின்ர உழைப்பில் ஆர் வாழுகினம் என்று தெரியாது. மயிலிட்டியில் படகுச் சொந்தக்காரருக்கும் அந்தப் படகில் பங்குக்குப் போறவருக்கும் இடையில் இருப்பது படி இல்லை, உறவு. பங்கைப் பிரிப்பது சொந்தக்காரர். மீன் படாத மாதத்தில் இரண்டு பேரின்ர வருமானமும் ஒன்றாகலாம், ஆனால் படகு ஒருத்தரிட்டைத்தான் நிற்கும். படகை அடைவு வைச்சோ வித்தோ அவர் தப்புவார். மற்றவர் மனுசியின்ர தோட்டை அடைவு வைப்பார், அதுவும் இருந்தால்.

‘காணி, படகு, கடன் எல்லாம் அளக்க ஏலுமா? வருமானம்தானே லேசு’ என்று எங்களிட்டைக் கேட்கினம். லேசா? ஒரு கடற்தொழிலாளியிட்டை மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கோ. சோளகத்திலயா வாடையிலயா என்று திருப்பிக் கேட்பார். கனடாவில் இருந்து வாற காசை ஆரும் படிவத்தில் எழுதுறதும் இல்லை. காணி உறுதியையும் அடைவுத் துண்டையும் பார்த்து எழுதுறது அதைவிட எவ்வளவோ லேசு.