முழங்கை நாதம்

'டைட்டானிக்' (1997) பார்த்தபோது கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை இருட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கும் ஆண்கள் கை தூக்கவும். நானும் தூக்குகிறேன். அழுததற்குப் பாதிக் காரணம் பின்னணியில் இழைந்த ஒரு வாத்தியம். அது புல்லாங்குழல்தான் என்று ஆபீஸ் கான்டீனில் ரொம்ப நாள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழல் உண்டுதான். ஆனால் கூடவே அயர்லாந்தின் பைப்பும் இருந்தது. ஊதியவர் எரிக் ரிக்லர்.

மன்னிக்கவும், 'ஊதியவர்' தப்பு. இந்த பைப்பை யாரும் ஊதுவதில்லை. அதுதான் விசேஷம்.

ஆங்கிலத்தில் எட்டு எழுத்துப் போட்டு எழுதிவிட்டு, 'இல்லன்' பைப்ஸ் என்கிறார்கள். ஐரிஷ் மொழியில் முழங்கை என்று அர்த்தம். வலது முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தி. கொல்லன் பட்டறையில் இருக்குமே, அதன் பேரன். இடது கைக்கு அடியில் தோல் பை. துருத்தி பைக்குக் காற்றைத் தள்ள, பை குழல்களுக்குத் தள்ளுகிறது. மெட்டு வாசிக்க ஒரு குழல், இரண்டு ஸ்தாயி பேசும். சுருதிக்கு மூன்று குழல், நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி. இது போதாதென்று சாவி வைத்த மூன்று குழல்கள் வேறு. விரல்கள் மெட்டில் மும்முரமாக இருக்கும்போது, மணிக்கட்டின் ஓரத்தால் அந்தச் சாவிகளைத் தட்டி ஸ்வரக்கூட்டு கொடுக்க வேண்டும்.

நாகஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்து நனைப்பார். இங்கே சீவாளி காய்ந்தே இருக்க வேண்டும், மூச்சின் ஈரம் படக்கூடாது. அதற்குத்தான் துருத்தி. உபரி லாபம்: வாய் ஃப்ரீ. வாசித்துக்கொண்டே வம்பு பேசலாம்.

கற்க ஏழு வருஷம், பழக ஏழு வருஷம், வாசிக்க ஏழு வருஷம், ஆக 21 வருஷத்தில் ஒரு பைப்பர் தயார் என்று அயர்லாந்தில் சொல்வார்கள். நம்மில் பலர் அதற்குள் மூன்று கம்பெனி மாறியிருப்போம்.

வீட்டு அடுப்பங்கரையிலும் கிராமத்து நடனத்திலும் வாசித்த இந்த ஆசாமியைக் கோட்டு சூட்டு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதலில் சுருதித் தகராறு. பைப்பின் ஸ்வரங்கள் தன் சுருதிக் குழலோடு சேரும்படி இயற்கையாக அமைந்தவை. மேற்கத்திய பியானோவோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக வெட்டியது. இரண்டும் மயிரிழையில் விலகும், அந்த மயிரிழை காதில் கயிறாகக் கேட்கும். வயலின்காரர் விரலைக் கொஞ்சம் நகர்த்திச் சமாளிப்பார். பைப்பருக்கு அந்தச் சௌகரியம் குறைவு. அரங்கத்தின் காற்று கொஞ்சம் உலர்ந்தாலும் சீவாளி முரண்டு பிடிக்கும்.

ஆக, யாருக்காக யார் அட்ஜஸ்ட் பண்ணுவது? இது நம் ஆபீஸ் பிரச்னைதான். இசை உலகத்தில் இதற்கு வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

1979-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 'ரோரடோரியோ' என்று ஒன்று செய்தார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'ஃபின்னகன்ஸ் வேக்' நாவலில் வரும் இடங்களின் சத்தங்களையெல்லாம் டேப்பில் சேர்த்து, நடுவில் அயர்லாந்துக் கலைஞர்களைத் தங்கள் பாட்டுக்கு வாசிக்க விட்டார். பைப் வாசித்தவர் அந்தக் கலையின் பெரியவர் ஷேமஸ் என்னிஸ். யாரும் யாருக்கும் அட்ஜஸ்ட் பண்ண வேண்டாம் என்பது கேஜின் பதில். நம் பஸ் ஸ்டாண்ட் மாதிரி.

அடுத்த வருஷமே, 1980-ல், ஷான் டேவி 'த பிரெண்டன் வாயேஜ்' எழுதினார். பைப்புக்கும் முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான படைப்பு. பின்னால் ஒரு நிஜக் கதை. ஆறாம் நூற்றாண்டுத் துறவி பிரெண்டன் தோல் படகில் அட்லாண்டிக்கைக் கடந்தார் என்று ஐதீகம். நடக்கிற காரியமா என்று பார்க்க டிம் செவரின் 49 மாட்டுத்தோலைத் தைத்துப் படகு கட்டி, 1976 மே மாதம் கிளம்பினார். ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்து, 1977 ஜூனில் நியூஃபவுண்ட்லாந்து சேர்ந்தார். வழியில் பனிக்கட்டி குத்திப் படகு ஓட்டையாக, நடுக்கடலில் தோலை வைத்துத் தைத்து ஒட்டுப் போட்டார்கள்.

டேவி பண்ணினது எளிமையான விஷயம். ஆர்க்கெஸ்ட்ராவைக் கடலாக்கினார், பைப்பைப் படகாக்கினார். கடலைப் பார்த்து 'கொஞ்சம் அடங்கி இரு' என்று படகு சொல்லாது. 'நீயும் தண்ணீராகிவிடு' என்று கடலும் கேட்காது. படகு படகாகவே இருந்து கரை சேர வேண்டும், அவ்வளவுதான். வாசித்தவர் லியம் ஓ'ஃபிளின். அவர் வாசிப்பதைக் கேளுங்கள். ஆர்ப்பாட்டமே கிடையாது. அலை எழும்பும்போதெல்லாம் மெல்லிசாக ஒரு தோல் படகு தலை தூக்கும்.

இதெல்லாம் சும்மா வாத்திய சமாசாரம் என்று தள்ள முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ஷேமஸ் என்னிஸின் அப்பா 1908-ல் லண்டனில் ஓர் அடகுக் கடையில் ஒரு பையைப் பார்த்தார். உள்ளே துண்டு துண்டாகக் கழன்று கிடந்தது, டப்ளினில் பல வருஷம் முன்பு செய்த பழைய பைப். வாங்கினார். சரிபண்ணி அவர் வாசித்தார், பிறகு மகன் வாசித்தார். 1968-ல் பைப்பர்கள் கூடிச் சங்கம் ஆரம்பித்தபோது, இதை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே நூறு பேர்கூட இல்லை. 1982-ல் என்னிஸ் இறந்தபோது அந்த அடகுக் கடை பைப்பை ஓ'ஃபிளினுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். 2017-ல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. ஓ'ஃபிளின் 2018-ல் காலமானார்.

அன்றைக்கு அந்தப் பையை அவர் திறந்து பார்க்காமல் போயிருந்தால்? யோசித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

சபையில் ஏறவேண்டும் என்பதற்காகத் தன் குரலை மாற்றிக்கொள்ளாத ஒரு வாத்தியம், சபையையே கொஞ்சம் காத்திருக்க வைத்தது. இந்தத் தத்துவத்தை என் மேலதிகாரியிடம் உணர்ச்சிவசப்பட்டு விளக்கினேன். "நானும் படகு மாதிரி சார். என் இயல்பை மாத்திக்காம..."

முழுக்கக் கேட்டுவிட்டு, ஃபைலிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "பேஷா இருங்க. ஆனா படகு கரை சேரணும். அந்த ஸ்டேட்மென்ட் எங்கே?"