கழிமுகமும் நண்டின் வம்சமும்

“நண்டு கொழுத்தால் வளையில் தங்காது” என்பது செருக்குற்றோரைக் குறித்து நம்மவர் வழங்கும் பழமொழி. சேற்று நண்டைப் பொறுத்தமட்டில் இஃது இழிவுரையன்று. உயிர்நூலார் ஒப்பும் உண்மையேயாம். சினைப்பருவம் எய்திய பெண் நண்டு, தான் வளர்ந்த கழியையும் அலையாத்தி மரங்களின் வேரடியையும் விட்டுக் கடலை நோக்கிப் புறப்படுகின்றது. அதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோமாக.

ஓருயிர் வாழும் இடமே அதன் இனம் பெருகும் முறையை வகுக்கின்றது. நன்னீரில் வாழும் வயல் நண்டு சில நூறு பெரிய முட்டைகளையே இடும். முட்டையினுள்ளேயே உருவம் முற்றிக் குஞ்சு நண்டாகவே வெளிப்படும்; தாய் அவற்றை வயிற்று மடலின்கீழ்ச் சுமந்து திரியும். கொட்டலசோ பாறையில் ஒட்டியபின் இடம்பெயராது. துணை தேடிச் செல்ல இயலாத அவ்வினத்துள் பெரும்பாலானவற்றில் ஆண் தன்மையும் பெண் தன்மையும் ஓருடலிலேயே அமைந்துள்ளன. அடுத்திருப்பது எதுவாயினும் துணையாகும்.

சேற்று நண்டின் நிலை வேறு. கழியின் நீர் மழைக்காலத்தில் உப்புக் குன்றும். அதன் நுண்குஞ்சுகளோ கடலின் உவர்ப்பின்றிப் பிழைக்கமாட்டா. ஆகவே தாய் பல லட்சம் முட்டைகளுக்குக் கடலையே தொட்டிலாக்குகின்றது. குஞ்சுகள் ஐந்து மிதவைப் பருவங்களைக் கடந்து, அதன்பின் நண்டுச் சாயல் பெற்றுக் கழிமுகத்தை நாடி வருகின்றன. லட்சத்துள் எஞ்சுவன மிகச் சிலவே.

ஈண்டு நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. சினை நண்டைப் பிடிக்கலாகாது என்பர் அறிஞர். நன்று; ஆயின் அது மட்டும் போதாது. கழிமுகம் மணலால் தூர்ந்துவிடின், தாய் வெளியேறும் வாயிலும் குஞ்சு திரும்பும் வாயிலும் ஒருங்கே அடைபடும். வலை ஒன்றும் வீசாமலே ஒரு தலைமுறை அழியும்.

ஒடிசாவிலுள்ள சிலிகா ஏரி இதற்குத் தக்க சான்று. அதன் கடல்வாய் தூர்ந்தபோது மீன்வளம் சுருங்கிற்று. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுமுகம் வெட்டித் திறந்தபின் மீனும் இறாலும் நண்டும் மீண்டும் பெருகின. நம் பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரமும் பலமுறை மணலால் அடைபட்டதுண்டு. அங்ஙனம் அடைபடுந்தோறும் அதனை நம்பிய வலைஞர் குடிகளின் அடுப்பும் அணைகின்றது.

மணலை அள்ளுவது கடலிற் பணத்தைக் கொட்டுவதாகும் எனச் சிலர் கூறுவர். விதைநெல்லுக்குச் செலவிடுவதை வீண் என்று எந்த உழவனும் கூறான். முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும் அத்தகையதே என்பது நம் துணிபு. உயிர்நூல் பயிலும் நம் மாணவர் இதனை நூலில் கற்பதோடு நில்லாது, ஊரார்க்கும் எடுத்துரைப்பாராக.