பனியில் நடக்க எது நல்லது?

சிவகாசிக்காரர்களுக்கு வெயில் தெரியும். வெடி தெரியும். பனிமலை தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்துப் பையன் ராணுவத்தில் சேர்ந்தால், ஒரு நாள் காஷ்மீரிலோ லடாக்கிலோ நிற்க வேண்டி வரலாம். அங்கே காலில் எதை மாட்டுவது? பனிச் செருப்பா? சறுக்குக் கட்டையா?

கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் நடந்தால் கால் புதையும். பலகை போட்டு அதன் மேல் நின்றால் அவ்வளவாகப் புதையாது. பாரம் பரவி விடுகிறது. புதுப் பனியும் அப்படித்தான். வெறும் பூட்சோடு இறங்கினால் இடுப்பு வரை கூடப் புதையலாம்.

பனிச் செருப்பு முறம் போல அகன்றது. கால் கொஞ்சம்தான் இறங்கும். சறுக்குக் கட்டை, ஆள் உயரத்துக்கு நீண்ட ஒல்லிப் பலகை. அதுவும் பாரத்தைத் தாங்கும். வழுக்கிக் கொண்டும் ஓடும். மேட்டில் ஏறும்போது பின்னால் சறுக்காமல் இருக்க, அடியில் ரோமப் பட்டை ஒட்டுவார்கள்.

வேகத்துக்குக் கட்டைதான். 1911 டிசம்பர் 14-ந் தேதி தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த அமுண்ட்சென் கூட்டத்தார், நாய் வண்டிகளோடு சறுக்குக் கட்டையில் போனவர்களே. ஆனால் அவர்கள் நார்வேக்காரர்கள். அங்கே சின்ன வயதிலேயே கட்டை கட்டிப் பழகுவார்கள். நம் பையனோ கண்மாய்க் கரையில் ஓடியவன்.

ஆகவே, புதிதாகப் பனிக்குப் போகிறவனுக்குப் பனிச் செருப்பே நல்லது. நடக்கத் தெரிந்தால் போதும், சீக்கிரம் பழகிவிடும். மூட்டை சுமக்கலாம். மரங்களுக்கு நடுவே திரும்பலாம். கட்டையில் பழகாதவன் புதுப் பனியில் விழுந்தால், எழுந்திருப்பதே பெரும் பாடு. முழங்கால் திருகினால் அவனையே மற்றவர்கள் சுமக்க வேண்டும். சறுக்கக் கற்றுக் கொடுக்க ராணுவம் 1948-ல் குல்மார்க்கில் பள்ளியே தொடங்கியது. பள்ளி வைத்துப் பழக்க வேண்டிய வித்தை அது. பழகிய பிறகு கட்டை கட்டட்டும்!

ஒன்றை மறக்கக் கூடாது. இரண்டுமே பனிச்சரிவைத் தடுக்காது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் முகாம் மீது சரிந்த பனி, மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் 10 பேரைப் பலி கொண்டது. தமிழ்நாட்டு வீரர்களும் அவர்களில் உண்டு. எனவே காலில் எது இருந்தாலும், மலைச்சரிவைப் பார்த்து, வழி தெரிந்தவர் சொல் கேட்டே போக வேண்டும்.

மருந்து கலக்கும் அறையில் அவசரம் ஆகாது. இது சிவகாசி அறிந்த பாடம். பனியிலும் அதே பாடம்தான். முதலில் நடை, பிறகு வேகம். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது!