மேட்டுக்குப் போகச் சொல்கிறார்கள்

கொட்டாம்பட்டியில் மேற்கே கருத்தால் இப்போது என் போனும் சேர்ந்து கத்துகிறது. இடி மின்னலுடன் கனமழை, தாழ்வான இடத்தை விட்டு மேட்டுக்குப் போங்கள். சரிதான். சேரியைப் பள்ளத்தில் வைத்தது யார்? மேடு யார் கையில இருக்கு?

மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியலில் நடந்ததை மறக்க முடியுமா? அடைமழையில் சுமார் 20 அடி உயரச் சுவர் அருந்ததியர் வீடுகள் மேல் சரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவர் ஆபத்து என்று அந்தச் சனம் முன்னாடியே சொல்லியிருந்தது. அதுவும் எச்சரிக்கைதானே? யார் காதிலும் ஏறவில்லை. நியாயம் கேட்டுத் திரண்டவர்களைப் போலீஸ் அடித்துக் கைது செய்தது. இதை இயற்கைச் சீற்றம் என்று எழுதுகிறவனை என்னவென்று சொல்ல!

கண்மாய் உடையப்போகுதுன்னு கொட்டுற மழையில் பறையடித்து ஊரை எழுப்பியவன் என் தாத்தன். அவனுக்கு ஊர்ச் சாவடியில் ஒதுங்க இடமில்லை.

அதற்காக எச்சரிக்கையை அலட்சியம் பண்ணச் சொல்லவில்லை தோழர்களே. இடி கேட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள். கடைசி இடிக்குப் பிறகும் அரைமணி நேரம் உள்ளேயே இருங்கள். ஓடுற தண்ணி முழங்கால் அளவென்றாலும் ஆளைச் சாய்த்துவிடும். மழை ராத்திரியில் பழைய சுவரோரம் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

ஆனால் ஐப்பசிக்கு முன்னாலேயே தாலுகா ஆபீசுக்குக் கூட்டமாகப் போகணும். சேரியை ஒட்டிய சுவர் எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்லணும். பள்ளிக்கூடச் சாவி ஒன்று சேரியில் இருக்கணும். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.