குளக்கரைக்கு சிமென்ட் வேண்டாம், தாழை போதும்



எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரியவர்கள், கரையில் இருந்த தாழையையும் நொச்சியையும் வெட்டிவிட்டு சிமென்ட் பூசிவிட்டார்கள். தாழையின் விழுதுகள் மண்ணைக் கவ்விப் பிடிப்பவை. ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் கரையைக் காக்கும். நொச்சியின் நீலப் பூங்கொத்தில் தேனீக்கள் மொய்க்கும். ஓரச் சேற்றில் அல்லிக் கிழங்கை ஊன்றினால், கோடையில் குளம் வற்றினாலும் அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்; அதன் இலையடியில் மீன்குஞ்சுகள் ஒதுங்கும். ஆம்பல் எனும் அல்லி, குவளை, தாழை மூன்றும் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 பூக்களில் இடம்பெற்றவை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரையை அகற்றினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் நம் மண்ணின் செடிகள் வேரூன்ற வேண்டும். இனித் தூர்வாரும் குளங்களில் ஒரு பக்கத்தையாவது மண்கரையாகவே விட்டு, இவற்றை நட உள்ளாட்சி நிர்வாகங்கள் முன்வர வேண்டும்.

– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்