அக்காவின் பஜீரோ



கடந்த மாதம் ஹட்டனில் எங்கள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் முற்றத்தில் நின்று ஒரு கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கராஜில் எழுதிக் கொடுத்த கணக்கு அது.

"ஹெட் போட்டுதாம் தங்கச்சி. மூண்டு லட்சம் வேணுமாம்."

அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் பெரியம்மா குடும்பம் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அக்கா அங்கேதான் பிறந்தாள், அங்கேதான் கல்யாணம் முடித்தாள். 2009இல் கணவரைத் தொலைத்தாள். செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது போவதற்கு வேறு இடம் இருக்கவில்லை. பெற்றோர் விட்டு ஓடிய மலைக்கே இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். அன்று கைக்குழந்தையாக இருந்த மகள் இன்று உயர்தரம் படிக்கிறாள். அக்காவின் பேச்சில் மட்டும் கிளிநொச்சி இன்னும் அப்படியே இருக்கிறது.

கட்டாரில் வேலை செய்யும் அவளுடைய தம்பி ஒரு பழைய டீசல் பஜீரோவை வாங்கி அவளிடம் விட்டுப் போனான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. வைத்திருந்தவர்கள் திருத்தித் திருத்தியே ஓட்டினார்கள். வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய அக்கா, வாகன அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். மகளை வகுப்புக்குக் கொண்டுபோவதும் அந்த ஜீப்தான். லயத்தில் யாருக்காவது இரவில் பிரசவ வலி வந்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் பறப்பதும் அதுதான். சிலர் டீசல் காசு தருவார்கள், சிலர் பிறகு பார்க்கலாம் என்பார்கள்.

வண்டியின் குறை இதுதான். தலவாக்கலையிலிருந்து நானுஓயாப் பக்கம் ஏறும்போது சூட்டுமானியின் முள் சிவப்பைத் தொடுகிறது, தண்ணீர் பொங்கி வெளியே துப்புகிறது. கராஜில் பொனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று இலட்சம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் பால்நிலையும் தொழிற்பிரிவும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். ஆனால் பொனட்டுக்கு அடியில் எது என்னவென்று எனக்கும் தெரியாது. அக்காவும் நானும் அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகுதான் மேல் லயத்து மாமாவின் நினைவு வந்தது. தோட்டத்துக் கொழுந்து லொறியை நீண்ட காலம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வந்ததும் முதலில் வண்டி நன்றாக ஆறும் வரை காத்திருக்கச் சொன்னார். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறிய பின் மூடியைக் கழற்றி எங்கள் கையில் தந்தார். அதன் ரப்பர் வளையம் வெடித்துக் கிடந்தது.

"இதுதாம்மா சங்கதி. பருப்பு வேக வைக்கிற பிரஷர் குக்கருக்கு வாசர் போனா என்ன ஆகும்?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 100 பாகைக்குக் காத்திருக்காமல் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போகப் பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். இஞ்சின் சாதாரணமாகவே 80, 90 பாகைச் சூட்டில் ஓடுகிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும் வரை அந்தத் தண்ணீர் 115 பாகை அளவு வரை கொதிக்காது. மூடி போனால் ஏற்றத்தில் பொங்காமல் என்ன செய்யும்? கொழும்பில் ஓடும்போது அதே வண்டி ஒரு குறையும் காட்டாமல் இருக்கலாம். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 போன்ற ஓர் எண் அடித்திருக்கும். அதே எண்ணுள்ள மூடியைத்தான் வாங்க வேண்டும்.

ஹெட் கெஸ்கட் உண்மையிலேயே போயிருந்தால் வேறு அடையாளங்கள் இருக்கும் என்றார் மாமா. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இஞ்சின் ஒயில் மூடியின் உட்புறம் பால்தேநீர் நிறத்தில் களிம்பு படிந்திருக்கிறதா? இல்லை. குளிர்ந்த இஞ்சினை மூடி இல்லாமல் இயக்கினால் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறதா? இல்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் இனிப்பு வாடையோடு வருகிறதா? அதுவும் இல்லை. ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையே அப்பியிருந்த சேற்றை மட்டும் அக்கா மெதுவாகக் கழுவினாள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் மூடி வாங்கினோம், கூலண்டும் ஊற்றினோம். இப்படிச் சூடேறிய வண்டியைக் கவனிக்காமல் ஓட்டியிருந்தால் ஹெட் வெடித்து அந்த மூன்று இலட்சம் நிஜமாகவே போயிருக்கும். அதையும் சொல்ல வேண்டும்.

ஏற்றத்தில் முள் உயரத் தொடங்கினால் ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். நமக்கு வேர்க்கும், இஞ்சினுக்கு ஆறும். ஓரமாக நிறுத்திய பின் கொதிக்கும் இஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவே கூடாது.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு சீதாஎலிய கோயிலுக்குப் போனோம். ஏறும்போது முள் அசையவில்லை. எங்களுக்கு ஒரே பெருமை. இறங்கும்போதுதான் ஜீப்புக்குள் கருகல் வாடை வந்தது. "பிளாஸ்ரிக் எரியிற மாதிரி இருக்கு" என்றாள் மகள். அக்கா பிரேக்கை மிதித்தாள், அது பஞ்சுபோல உள்ளே போனது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நல்ல வேளை, வேகம் குறைவு. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மேட்டுப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினாள். அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஒரு பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். பஸ்ஸின் பிரேக் வேலை செய்யவில்லை என்றே செய்திகள் கூறின. அந்த இறக்கத்தை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை.

மாமா எங்களைத் திட்டினார். "எந்தக் கியர்ல ஏறினியோ அந்தக் கியர்லயே எறங்கணும். பிரேக்கை நம்பி எறங்கப்படாது." பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சில்லில் ஏறும் சூடு பிரேக் ஒயிலுக்குப் போகிறது. புதிய டொட் 3 ஒயில் 205 பாகையில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. போதிய ஈரம் சேர்ந்த பிறகு 140 பாகையிலேயே கொதித்து ஆவிக் குமிழி விடும். மிதிபடுவது அந்தக் குமிழிதான், பிரேக் அல்ல. அக்காவின் வண்டியில் ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது, எப்போது மாற்றியதென்று தம்பிக்கும் தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். புதிதாக டொட் 4 ஊற்றினோம், பேட்டும் மாற்றினோம்.

பிரேக் கல்லுப்போல் இறுகி நின்றும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. பேட் கருகியிருக்கலாம், அல்லது பிரேக்குக்கு உதவும் வேக்கம் பம்ப் பழுதாகியிருக்கலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது டீசலை மிச்சம் பிடிக்க இஞ்சினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் இறங்கியவர்களை நானே கண்டிருக்கிறேன். இஞ்சின் நின்றால் அந்த உதவியும் நின்றுவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும்.

அந்த நாட்களில் கேனில் சேர்த்து வைத்த டீசலால் வேறொரு தொல்லையும் வந்தது. டீசலில் தண்ணீர் கலந்தால் வண்டி விக்கி விக்கி ஓடும், டீசல் பில்டர் விளக்கும் எரியலாம். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, மேலேயுள்ள கைப்பம்பை அமுக்கினால் தண்ணீர் வெளியேறும். இதை நான் என் கையாலேயே செய்துவிட்டேன் என்று எழுதுவதில் எனக்குச் சிறு கர்வம்.

நுவரெலியாவின் ஜனவரிப் பனியில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் வெள்ளைப் புகை மட்டும் விட்டால் ஹீட்டர் பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பியதும் எரியும் செம்மஞ்சள் சுருள் விளக்கு அணையும் வரை பொறுப்பது பாதி வைத்தியம். கறுப்புப் புகை என்றால் முதலில் காற்று பில்டரைப் பாருங்கள். வன்னிப் புழுதியில் ஓடும் வாசகிகளுக்கு இது எங்களைவிட அதிகம் தேவைப்படும். நீலப் புகை இஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும், அதற்குக் கொஞ்சம் பணம் சேர்க்க வேண்டியதுதான்.

அக்கா பிறகு அதே கராஜுக்கு ஒருமுறை போனாள். டைமிங் பெல்ட் மாற்றிய திகதி தெரியாததால் அதைக் கேட்கப் போனாள். பெல்ட் உள்ள டீசல் இஞ்சினில் அது அறுந்தால் வால்வுகள் வரை நொறுங்கும். இம்முறை பக்கத்திலேயே நின்று, கழற்றிய பழைய பெல்ட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அது இப்போது அவள் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

டயரைப் பற்றி எழுத இடமில்லை. அக்காவின் நான்கு டயர்களும் வழுக்கையாகிவிட்டன. தம்பி பணம் அனுப்பியதும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.